இரவுச் சாளரம்

ஆகஸ்ட் கடைசி.
செகெட் நகரம் முழுக்கத் தும்மிக்கொண்டிருக்கிறது.
தரிசுப்புல் என்று பெயர் இங்கே அதற்கு.
ரயில் பாதையோரம், இடித்துப்போட்ட ஆலை முற்றம்,
யாரும் உரிமை கோராத மண் எங்கிருந்தாலும்
பச்சையாய் எழுந்து மஞ்சளாய்த் தூவும்.
அதைப் பூ என்றால்
மற்றப் பூக்கள் கோபித்துக்கொள்ளும்.

இரவு பதினொன்றரைக்குமேல் கதவு பூட்டி,
கை நுழையும் சாளரத்தில் மட்டும் வியாபாரம்.
மணியடிப்பார்கள், எழுந்து போவேன்.
கண் சிவந்தவர்கள், மூக்கு ஒழுகுபவர்கள்,
கைக்குட்டையை வெள்ளைக் கொடிபோல் பிடித்த ஒருத்தி.
அவளுக்குப் பின்னால் வில்மோஷ்.
டிராம் ஓட்டுபவர். சீருடையைக்கூட மாற்றவில்லை.

"அந்தப் பழைய மாத்திரை கொடுங்கள்,
புதியதெல்லாம் எனக்கு ஒத்துவராது.
கொஞ்சம் தூக்கமும் வேண்டும்."

பழையது எனக்குத் தெரியும்.
மூக்கை அடைத்த கையோடு
மூளைக்கும் திரை இழுத்துவிடும்.

கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்,
இருபத்தொரு ஆண்டாய்க் கேட்கிறேன்:
வேறு ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா?

"இல்லை."

அந்த வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.
நிஜமாகவே இல்லாதவர்கள் சற்று யோசிப்பார்கள்,
மீன் எண்ணெய் கணக்கில் வருமா,
இருமல் மிட்டாய் வருமா என்று.
இது கதவைச் சாத்துகிற இல்லை.
அவர் முதுகுக்குப் பின்னே
ஏழெட்டு ஜோடிக் காதுகள்.

திருமதி கொல்லார் நினைவுக்கு வந்தார்.
படபடப்புக்கு ஒரு மருத்துவர், அரிப்புக்கு இன்னொருவர்,
சீட்டுகள் போனதும் வேறு வேறு கடைக்கு.
தனித்தனியே இரண்டும் சாதுதான்.
குளியலறை ஓட்டில் காலை மூன்று மணிக்கு
இரண்டும் கைகோத்துக்கொண்டன.
இடுப்பு எலும்பு.
ஊன்றுகோலோடு வந்தவர் என்னிடம் சொன்னார்:
"அரிப்பு மாத்திரைதானே,
அதைப் போய் யாரிடம் சொல்வார்கள்?"

பள்ளிக்கூடத்தில் ஒன்றும் ஒன்றும் இரண்டு.
இந்தக் கணக்கில் சிலருக்கு ஒன்றரை, சிலருக்கு மூன்று.
யாருக்கு எது என்று
பெட்டியில் அச்சடிக்க ஆளில்லை.

ரசீதின் பின்பக்கம் எழுதினேன்,
பேனாவைச் சேர்த்துத் தள்ளினேன்:
பயத்துக்கு ஏதாவது? சத்தமாய்ச் சொல்ல வேண்டாம்.

படித்தார். மறுபடி படித்தார்.
தொலைவில் திசா பாலத்தின் மேல்
ஏதோ லாரி உறுமிப் போனது.
எறும்பு ஊர்கிற எழுத்தில் எழுதினார்,
மருந்தின் பெயர், அளவு, மார்ச்சிலிருந்து.
அதன் கீழே, இன்னும் சிறியதாய்:
டிப்போவில் தெரியாது.

பழையதை எடுத்து அலமாரியில் வைத்தேன்.
தூக்கம் குறைவாய்த் தருகிற மற்றதைக் கொடுத்தேன்,
மூக்கில் அடிக்கும் ஒரு புட்டியும்.
இதுவும் ஓரிருவரை மயக்கும், முதல் வேளை வீட்டில்.
படபடப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.
பாலிங்கா ஒரு மிடறுகூட வேண்டாம்.
டிராம் ஓட்டலாமா என்பதை
மருத்துவரிடம் கேளுங்கள், நாளைக்கே.
இதையெல்லாம் அவருக்கு மட்டும் கேட்கச் சொன்னேன்.
கண்ணாடியில் என் மூச்சு பனித்தது.

ரசீதைத் திருப்பிக் கேட்டார்.
நான்காய் மடித்தார், தும்மினார்.
வரிசை முழுவதும் ஒரே குரலில்
"நலத்துக்கு!" என்றது.
கோப்பை உயர்த்தும்போதும் இங்கே
அதே சொல்தான்.

காலை ஆறரைக்கு வீடு திரும்பும் டிராமில்
ஓட்டுநர் அறையை எட்டிப் பார்த்தேன்.
பின்னல் போட்ட ஓர் இளம்பெண்.
அவர் விடுப்பு கேட்டாரா,
அவர் முறையே வேறா,
படுக்கையில் விழித்துக் கிடக்கிறாரா, தெரியாது.
என்னிடம் இருந்தது ஒரு கேள்வி. கேட்டாயிற்று.

என் நிறுத்தம் வந்தது.
இறங்கும்போது எனக்கும் மூக்கு அரித்தது.